மாணவப் பருவத்திலேயே சாதித்த இயன் மர்டாக்



நமது ஆண்டு மலரில் ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு, எடிசன் என்று நம் சீனியர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். இந்த வருஷம் அந்தப் பக்கத்தை என் தலையில் கட்டியபோது நான் இயன் மர்டாக் என்றேன். மலர்க் குழுவில் இருந்த மெக்கானிக்கல் பசங்க இரண்டு பேர், யாருப்பா அது, கிரிக்கெட் பிளேயரா என்று கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. லினக்ஸ் உலகத்தில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அதற்கு வெளியே வந்தால் தெரிந்த ஆள் கிடையாது. ஆனால் நம் லேபில் லினக்ஸ் போட்ட மிஷினை ஆன் செய்கிற ஒவ்வொருவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம் என்றால் மிகையாகாது.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு விபத்தில். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேடசந்தூரில் என் பெரியம்மா மகள் இருக்கிறார். அக்கா ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்றை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில்தான் அவருடைய மகளிர் குழுவின் கணக்கு முழுக்க இருக்கிறது. யார் எவ்வளவு சந்தா கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை பாக்கி, எல்லாம் அதில்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்ய என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை என்று சொன்னதும், ஒரு மாதம் வச்சுக்கோடா, கணக்கை மட்டும் அழிச்சுடாதே என்று கொடுத்தார். கொடுக்கும்போது மஞ்சள் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வச்சுக்கிட்டுப் போ என்று இரண்டு தடவை சொன்னார்.

அதில் டெபியன் வழிவந்த ஒரு லினக்ஸ் இருந்தது. அதோடு வந்த பைத்தான் 3.10. எங்கள் புராஜெக்டுக்கு 3.12 வேண்டும் என்று டீமில் ஒருவன் சொல்லிவிட்டான். சரி என்று இன்டர்நெட்டில் மூல நிரலை இறக்கி, ராத்திரி முழுக்க கம்பைல் செய்து, புதியதைப் போட்டுவிட்டேன். வேலை செய்தது! அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுசுதான் வந்தாச்சே, பழசு எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு என்று பழைய பைத்தானை நீக்கச் சொல்லி கமாண்ட் அடித்தேன். நீக்கப்படப் போகும் பொருள்களின் பெயர்கள் திரை முழுக்க ஓடின. படிக்கவில்லை. ஒய் என்று தட்டி என்டர் அடித்தேன்.

மறுபடி ஆன் செய்தபோது டெஸ்க்டாப் இல்லை, ஐகான் இல்லை, மவுஸ் இல்லை. கறுப்புத் திரையில் பெயரைக் கேட்கும் ஒற்றை வரி மட்டும் இருந்தது. புராஜெக்ட் டெமோவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அதுகூடப் பரவாயில்லை. அக்காவின் குழுக் கணக்கு? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக லேபுக்குப் போய் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்த ஒற்றை வரியில் அடிக்கச் சொன்னார். உள்ளே போனது. அக்காவின் ஃபோல்டரைப் பார்க்கச் சொன்னார். எல்லா ஃபைலும் அப்படியே இருந்தது. தம்பி, நீ எடுத்தது சிஸ்டத்தோட சாமானை, அக்காவோட சாமானை இல்லை, அது வேற அறை, இது வேற அறை என்றார். அப்புறம் ஆப்ட் என்கிற மென்பொருள் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். முதல் நாள் ராத்திரி எத்தனை மணிக்கு எந்தெந்தப் பொதியை நான் நீக்கினேன் என்று வரிசையாக எழுதியிருந்தது, பதிப்பு எண்ணோடு! லேப் நெட் வயரைச் செருகி, அந்தப் பட்டியலில் இருந்ததையெல்லாம் திரும்பப் போடச் சொன்னோம். மத்தியானச் சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் டெஸ்க்டாப் திரும்ப வந்துவிட்டது.

இவ்வளவு நாசம் பண்ணின பிறகும் கணக்கு எழுதி வச்சிருக்கே, யாருண்ணே இதையெல்லாம் யோசிச்சது என்று கேட்டேன். அப்போதுதான் அவர் இயன் மர்டாக் பெயரைச் சொன்னார். உன்னை மாதிரி ஒரு காலேஜ் பையன்தான் ஆரம்பிச்சு வச்சான் என்றார்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இயன் மர்டாக் 1973 ஏப்ரல் 28ஆம் தேதி அன்றைய மேற்கு ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். தகப்பனார் மேல் ஆராய்ச்சிக்காக அங்கே போயிருந்தார். 1975ல் குடும்பம் ஊர் திரும்பியது. 1977ல் தகப்பனாருக்கு இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியர் வேலை கிடைக்க, பக்கத்திலேயே லஃபாயெட் என்னும் ஊரில் மர்டாக் வளர்ந்தார். 1991ல் பள்ளிப் படிப்பை முடித்து, அதே பர்டூவில் சேர்ந்தார்.

அந்த 1991ல்தான் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். கெர்னல் என்பது எஞ்சின் மாதிரி. எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியுமா? பாடி கட்ட வேண்டும், சீட் போட வேண்டும். அப்படிக் கட்டித் தருவதைத்தான் டிஸ்ட்ரிபியூஷன் என்கிறார்கள். அந்தக் காலத்தில் எஸ்.எல்.எஸ். என்ற ஒன்று பிரபலம். ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாக வரும். பிழைகள் நிறைய, பராமரிப்பு குறைவு. மர்டாக்குக்கு அது பிடிக்கவில்லை. நாமாக இருந்தால் கேன்டீனில் உட்கார்ந்து திட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் 1993 ஆகஸ்ட் 16ஆம் தேதி, தானே ஒன்று கட்டப்போவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபது! டிகிரிகூட முடிக்கவில்லை.

பெயர் வைத்த கதை சுவையானது. அப்போது அவருடைய காதலி, பிறகு மனைவியான டெப்ராவின் பெயரில் பாதி, தன் பெயர் இயன், இரண்டையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். நம் ஊர் லாரிகளின் முன்னால் குழந்தைகள் பெயரை எழுதுவது போலத்தான்.

1994 ஜனவரியில் டெபியனின் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். டிஸ்ட்ரிபியூஷனைக் கட்டும் வேலை ஒரு ஆளோ ஒரு கம்பெனியோ மூடிய அறைக்குள் செய்கிற வேலையாக இருக்கக்கூடாது, எல்லோரும் பார்க்கும்படி திறந்தவெளியில் கூடிச் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். அதே சமயம்தான் டி.பி.கே.ஜி. என்று இன்று நாம் அழைக்கும் பொதி நிர்வாகக் கருவியின் முதல் வடிவத்தையும் அவர் எழுதினார். முதலில் அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். பிறகு மர்டாக்கும் தோழர்களும் சேர்ந்து பெர்லில் எழுதினார்கள். அதே 1994ல் இயன் ஜாக்சன் என்ற இன்னொரு இயன் அதன் முக்கியப் பகுதியை சி மொழியில் திருப்பி எழுதினார். ஒரே கருவி, ஒரே வருஷம், மூன்று மொழிகள்!

இந்தக் கருவி என்ன செய்தது? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் விபத்துக்கான காரணமும் மருந்தும் இங்கேதான் இருக்கின்றன.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. பொதிக்குள் இரண்டு பங்கு. ஒன்று சரக்கு. இன்னொன்று அதன் ஜாதகம்: பெயர், பதிப்பு எண், இதைப் பராமரிக்கும் பொறுப்பாளர் யார், இது இயங்க வேறு எந்தப் பொதி கூட இருக்க வேண்டும், எதனோடு சேர்ந்து இருக்கக்கூடாது. ஒவ்வொரு பொதியும் தனக்கு என்ன தேவை என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்னதை எல்லாம் டி.பி.கே.ஜி. ஒரு பேரேட்டில் வைத்திருக்கும். எந்த ஃபைல் எந்தப் பொதிக்குச் சொந்தம் என்பதும் அதில் உண்டு. ஒரே ஃபைலுக்கு இரண்டு பொதிகள் சொந்தம் கொண்டாடினால், முடியாது என்று நிறுத்திவிடும்.

இதனால்தான் ஒரே மொழியின் இரண்டு பதிப்புகள் ஒரே மிஷினில் சண்டையில்லாமல் குடியிருக்க முடிகிறது. 3.10க்கு ஒரு பொதி, 3.11க்கு வேறு பெயரில் வேறு பொதி, ஃபைல்களும் வேறு வேறு பெயரில் இருக்கும். பைத்தான்3 என்று வெறுமனே அழைத்தால் எது வர வேண்டும் என்பதற்கு ஒரு சின்னச் சுட்டி. அந்தச் சுட்டி எந்தப் பதிப்பைக் காட்டுகிறதோ அதை நம்பித்தான் சிஸ்டத்தின் பல உறுப்புகள் எழுதப்பட்டிருக்கும். நான் பழசு என்று தூக்கிப் போட்டேனே, அது பழசு இல்லை. சிஸ்டம் தனக்கென்று வைத்திருந்தது. ஆப்ட் அப்பாவி. பைத்தானை நீக்கினால் அதை நம்பியிருக்கும் இத்தனை பேரும் போக வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்டது. படிக்காமல் சரி என்றவன் நான். அந்த ஆப்ட் பைத்தானில் எழுதப்பட்டதல்ல, சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதப்பட்டது. அதனால் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

நம் பாலிடெக்னிக்கில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. நாம் படிப்பது 2023 ரெகுலேஷன். அதற்கு முன்னால் வந்தவர்கள் என் ஸ்கீம் (என்னுடைய ஸ்கீம் இல்லை, ஆங்கில எழுத்து என்!). அவர்களுக்கும் முன்னால் எம் ஸ்கீம். புது ரெகுலேஷன் வந்துவிட்டது என்பதற்காக என் ஸ்கீம் வினாத்தாளை அன்றைக்கே கிழித்துப் போட்டால், அரியர் வைத்திருக்கும் அண்ணன்கள் கதி என்ன? அவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்திலேயே பேப்பர் வரும். நமக்குப் புதியது. ஒரே ஹாலில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறோம். பேப்பர் மாறிப் போகாமல் இருப்பது சப்ஜெக்ட் கோடால். பொதியின் பெயரும் பதிப்பு எண்ணும் அந்தக் கோடு மாதிரிதான்.

பைத்தானுக்கே பெரிய அரியர் கதை உண்டு. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பிரின்டுக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதிய பழைய புரோகிராம்கள் எதுவும் அதில் ஓடாது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வரிகளை ஒரே நாளில் மாற்ற முடியுமா? 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6 இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. பழையவர் இரண்டு, புதியவர் மூன்று, இருவரும் ஒரே வீட்டில். பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு அதன் ஆசிரியர்கள் முற்றுப்புள்ளி வைத்தார்கள். டெபியனோ 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில்தான் அதை முழுசாக வழியனுப்பியது. இந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அதே 12ஆம் பதிப்பில் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. பிப் வைத்து நேராகச் சிஸ்டத்தின் பைத்தானுக்குள் எதையும் திணிக்க முடியாது, இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் இடம் என்று தடுத்துவிடும். நம் பசங்க நிறையப் பேர் இதைப் பார்த்து எரிச்சல்படுகிறார்கள். தடையை உடைக்கும் ஆப்ஷனைத் தேடிப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே தனி அடுப்பு வைத்துக்கொள்ளலாம். அதில் என்ன சமைத்தாலும் வீட்டு அடுப்புக்குச் சேதம் இல்லை. ஜாவா படிக்கிறவர்களுக்கு, இரண்டு ஜே.டி.கே.யைப் போட்டுவிட்டு எது முன்னால் வர வேண்டும் என்று மாற்றிக்கொள்ள அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற கமாண்ட் இருக்கிறது. ஆனால் அதை வைத்துச் சிஸ்டத்தின் பைத்தான்3 சுட்டியைத் திருப்பாதீர்கள். அதுவும் என் விபத்தின் தம்பிதான்.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் நாகல்நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறார். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, குறியீடு வந்துச்சு, ஆர்டர் எங்கேடா என்று கேட்டவர். வீட்டில் ஒரு தகர டப்பா நிறையப் பழைய சாவிகள் வைத்திருக்கிறார். சின்ன வயதில் அதை எடைக்குப் போடலாம் என்று எடுத்துப் போய் அடி வாங்கியிருக்கிறேன். எந்தக் கோயில் கதவு, எந்தப் பெட்டகம் இன்னும் அந்தப் பழைய லீவரில் பூட்டியிருக்கிறதோ, யாராவது ஒருநாள் தூக்கிக்கொண்டு வருவான் என்பார். லேப்டாப் கதையைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. டப்பாவைத்தான் பார்த்தார்.

மர்டாக் கதைக்குத் திரும்புவோம். 1994 நவம்பரிலிருந்து ஓராண்டு, ரிச்சர்டு ஸ்டால்மனின் இலவச மென்பொருள் அறக்கட்டளை டெபியனுக்கு ஆதரவு தந்தது. ஆளுக்கு ஒரு பொதி, இரண்டு பொதி என்று பொறுப்பைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை பெரும்பாலும் மின்னஞ்சலில்தான். 1996 மார்ச்சில் மர்டாக் தலைமைப் பொறுப்பிலிருந்து இறங்கிக்கொண்டார். ப்ரூஸ் பெரன்ஸ் வந்தார். அதே ஜூனில் 1.1ஆம் பதிப்பு 474 பொதிகளோடு வெளியானது. அந்த வருஷமே மர்டாக்கும் கணிப்பொறி அறிவியல் பட்டத்தை முடித்தார். பட்டம் வாங்கும்போது, தான் தொடங்கியதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள். நம்மில் யூனியன் பதவியையே விட மனம் வராதவர்கள் இருக்கிறோம்!

பிறகு அவர் செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இண்டியானாபொலிஸில் ப்ரொஜெனி என்ற கம்பெனியைத் தொடங்கினார். அது 2007ல் மூடப்பட்டது. 2006ல் லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ் என்ற குழுவுக்குத் தலைவரானார். ஒரு லினக்ஸுக்கு எழுதிய மென்பொருள் எல்லா லினக்ஸிலும் ஓட வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான், முழுதாக நிறைவேறவில்லை. 2007 மார்ச்சில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்து, சோலாரிஸுக்கும் புதிய பொதி முறை கொண்டுவரும் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அதற்கு இண்டியானா என்று சொந்த மாநிலத்தின் பெயர். 2008ல் ஓப்பன் சோலாரிஸ் வெளிவந்தது. 2010ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனதும் அந்த முயற்சி நின்றுபோனது. பிறகு சில வருஷம் சேல்ஸ்ஃபோர்ஸ். 2015 நவம்பரில் டாக்கர் நிறுவனத்தில் சேர்ந்தார். டாக்கர் என்பது ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய பதிப்புகள் அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து அனுப்பும் முறை. ஆக, இருபது வயதில் பிடித்த அதே கேள்வியைத்தான் கடைசி வேலையிலும் பிடித்திருந்தார்.

அங்கே சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2015 டிசம்பர் 28ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 42. அவருடைய கடைசி நாட்கள் துயரமானவை. அதைப் பற்றி விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. 2017 ஜூனில் வந்த டெபியன் 9ஐ அவருக்கே காணிக்கையாக்கினார்கள்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று நினைக்காதீர்கள். சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007 ஜனவரியில் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனின் வழித்தோன்றல். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு கூட அதையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். நிறையப் பேர் முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டு சினிமா ஏற்றிக்கொண்டது வேறு கதை. உபுண்டு, ராஸ்பெர்ரி பையின் சிஸ்டம், எல்லாம் அதே குடும்பம். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே செப்டம்பரில் டெபியன்காரர்களின் உலக மாநாடே கொச்சியில் நடந்தது. 474 பொதிகளோடு புறப்பட்டது, 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 69,830 ஆகியிருக்கிறது.

எங்கள் டெமோ நல்லபடியாக முடிந்தது. 3.12 என் ஃபோல்டருக்குள் தனியாக ஓடியது, 3.10 தன் இடத்தில் இருந்தது. எக்ஸ்டர்னல் சார் இரண்டு கேள்விதான் கேட்டார், இரண்டும் டேட்டாபேஸில்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, வேடசந்தூர் பஸ் ஏறினேன். நடந்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னேன். டெபியன், மர்டாக், கொன்ஸ்டன்ஸ் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கணக்கைத் திறந்து, போன மாதச் சந்தா வரியை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். மூடி வைத்துவிட்டு, சாப்பிட்டுட்டுப் போடா என்றார்.